ஆலி-ஊப்பை நேரில் பார்க்க: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மேற்படிப்புக்கு அமெரிக்கா வந்த முதல் குளிர்காலத்திலேயே வளாகம் முழுக்கக் கூடைப்பந்துப் பேச்சாக இருப்பதைக் கவனிப்பீர்கள். ஃபோனில் சுற்றும் துண்டு வீடியோக்களில் முக்கால்வாசி ஆலி-ஊப் டங்க். ஒருவர் ரிங்குக்குப் பக்கத்தில் பந்தை உயரத் தூக்கிப் போடுகிறார். இன்னொருவர் தாவி, அந்தரத்திலேயே அதைப் பிடித்து, கால் தரையில் படுவதற்குள் ரிங்குக்குள் அறைந்து இறக்குகிறார். முதல் கையை விட்டுப் பந்து புறப்பட்டதிலிருந்து வலையில் இறங்கும்வரை ஒரு நொடி, மிஞ்சினால் ஒன்றரை.

இதை நேரில் பார்க்க வேண்டும் என்று கிளம்புகிறவர்களில் பலர் ஒரே மாதிரிதான் ஏமாறுகிறார்கள். சீசனிலேயே பெரிய ஆட்டத்துக்கு, ஏகப்பட்ட விலை கொடுத்து, கூரைக்குப் பக்கத்தில் ஒரு இருக்கை வாங்குகிறார்கள். ஆட்டம் முழுக்கப் பந்தையே பார்க்கிறார்கள். அரங்கம் அலறிய பிறகுதான் ஏதோ நடந்தது தெரிகிறது. பெரிய திரையில் ரீப்ளே பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். ஆலி-ஊப் அதிகம் விழுவது மலிவான ஆட்டங்களில். அதை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் பந்து இல்லாத ஆளைப் பார்க்க வேண்டும். அதற்குத் தேதி, டிக்கெட், இருக்கை, கண் என்று நான்கையும் வரிசையாகச் சரிசெய்ய வேண்டும். கீழே இருப்பது அந்த வரிசைதான்.

1. கிளம்பும் முன் பார்க்க வேண்டிய காட்சிகள்

அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். எல்லாமே இணையத்தில் எளிதில் கிடைப்பவை.

முதலாவது, 1991 ஏப்ரல் 1, இண்டியானாபொலிஸில் நடந்த டியூக், கான்சாஸ் பல்கலைக்கழகங்களின் தேசியப் போட்டி இறுதி ஆட்டம். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில், வேகமாக எதிர்ப்பக்கம் ஓடும்போது டியூக்கின் பாபி ஹர்லி ஒரு லாப் (தாவுகிறவர் பிடிக்க ரிங்குக்குப் பக்கத்தில் உயரப் போடும் பாஸ்) தூக்கிப் போடுகிறார். பாஸ் கைமீறிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். அளவுக்கு மீறிய உயரம். அதுவும் கிராண்ட் ஹில்லுக்குச் சற்றுப் பின்னால் போகிறது. ஹில் உடம்பை வில்லாக வளைத்து, ஒற்றைக் கையால் பின்னாலிருந்து பந்தை இழுத்து ரிங்குக்குள் போடுகிறார். டியூக் 72-65 என்று வென்றது. இந்த ஒரு காட்சியை மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். முதல் முறை பந்தை, இரண்டாம் முறை ஹர்லியை, மூன்றாம் முறை ஹில்லை மட்டும். மூன்றாம் முறைதான் விஷயம் புரியும். பந்து எங்கே போகிறது என்று நின்று பார்க்கும் நேரம் ஹில்லுக்கு இல்லை. ஓட்டத்தைக் குறைக்காமலேயே தாவுகிறார்.

இரண்டாவது, 2013 மார்ச் 22, ஃபிலடெல்ஃபியா. மார்ச் தேசியப் போட்டியில் 15ஆம் தரவரிசையில் வந்த ஃப்ளோரிடா கல்ஃப் கோஸ்ட் பல்கலைக்கழகம் 2ஆம் தரவரிசை ஜார்ஜ்டவுனை 78-68 என்று வீழ்த்திய ஆட்டம். கடைசி நிமிடங்களில், முன்னிலையில் இருக்கும் எந்த அணியும் பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கரைக்கும். பிரெட் காமர் அப்படிச் செய்யவில்லை. ஓடி வந்த சேஸ் ஃபீலருக்கு லாப் தூக்கிப் போட்டார். ஃபீலர் அறைந்து இறக்கினார். முன்னிலை இருக்கிறது, இனி என்ன நடக்கப்போகிறது என்று நான்கு நிமிடம் முன்பே எழுந்து போகிறவர்கள் இழப்பது இதைத்தான்.

மூன்றாவது, 2018 மார்ச், டெக்சஸ் டெக் அணியின் ஷையர் ஸ்மித், ஸ்டீஃபன் எஃப். ஆஸ்டின் பல்கலைக்கழகத்துக்கு எதிராகப் போட்டது. பந்தை அந்தரத்தில் பிடித்து, உடம்பை முழுச்சுற்று சுற்றி, அதன் பிறகு டங்க். சாதாரண வேகத்தில் ஒரு முறை, நான்கில் ஒரு பங்கு வேகத்தில் ஒரு முறை பாருங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். ‘மறக்க முடியாத ஆலி-ஊப்’ என்று தொகுக்கப்பட்ட வீடியோக்களில் 1983 இறுதி ஆட்டத்தின் கடைசி நொடியும் அடிக்கடி வரும். நார்த் கரோலினா ஸ்டேட் 54-52 என்று ஹூஸ்டனை வென்ற ஆட்டம் அது. டெரெக் விட்டன்பர்க் தொலைவிலிருந்து எறிந்தது ஷாட். அது ரிங்கைத் தொடாமல் குறைந்து விழ, கீழே நின்ற லோரன்ஸோ சார்ல்ஸ் பிடித்து டங்க் செய்தார். கல்லூரி வரலாற்றின் மாபெரும் டங்க்குகளில் ஒன்று, ஆனால் திட்டமிட்ட லாப் அல்ல. பார்க்கப் பழகும்போது இரண்டையும் பிரித்துப் பாருங்கள். அதேபோல 1967 முதல் 1976 வரை கல்லூரி ஆட்டத்தில் டங்க்குக்கே தடை இருந்தது. நார்த் கரோலினா ஸ்டேட் ஆட்டக்காரர் டேவிட் தாம்ஸனின் காலத்துப் பழைய படங்களில் அவர் ரிங்குக்கு மேலே பந்தைப் பிடித்து மெல்ல உள்ளே விடுவதற்குக் காரணம் அதுதான்.

2. தேதி: பெரிய ஆட்டத்தைத் தவிர்த்துவிடுங்கள்

சீசன் நவம்பர் முதல் வாரத்தில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரம்வரை. ஓர் அணி சுமார் முப்பது ஆட்டம் ஆடும். அதில் பாதிக்குச் சற்று மேல் சொந்த அரங்கத்தில் இருக்கும்.

ஆலி-ஊப்புக்கு உகந்த காலம் நவம்பரும் டிசம்பரும். இந்த மாதங்களில் பெரிய பல்கலைக்கழகங்கள் சிறிய பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுத்துத் தங்கள் அரங்கத்துக்கு அழைத்து ஆடும். ரிங்குக்குக் கீழே உயர வித்தியாசம் இருக்கும். சிறிய அணி பந்தை அடிக்கடி பறிகொடுக்கும். பறித்த பந்துடன் இரண்டு பேர் தனியாக ஓடுவார்கள், குறுக்கே ஒருவர்தான் நிற்பார். இருபது புள்ளி முன்னிலை வந்துவிட்டால் லாப் தவறினாலும் பயிற்சியாளர் கோபப்பட மாட்டார். இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரே மாலையில் மூன்று நான்கு பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் சிறந்தது குளிர்கால விடுமுறை. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம்வரை அமெரிக்க மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், அணி ஆடிக்கொண்டிருக்கும். மாணவர் பகுதி காலியாகக் கிடக்கும். சாதாரண நாளில் குலுக்கலில் கிடைக்காத முன்வரிசை அப்போது கேட்டாலே கிடைக்கும். ஊருக்குப் போகாமல் வளாகத்திலேயே தங்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு ஆண்டில் வேறு இல்லை.

ஜனவரி, பிப்ரவரியில் ஒரே கூட்டமைப்பை (கான்ஃபரன்ஸ்) சேர்ந்த அணிகள் தங்களுக்குள் ஆடும். பயிற்சியாளர்களில் ஒருவர் திட்டம் இன்னொருவருக்கு அத்துப்படி. லாப் வரும் என்று எதிர்பார்த்தே தடுப்பார்கள். பரம்பரைப் பகை ஆட்டங்களில் இது இன்னும் இறுகும். சத்தத்துக்கும் சூழலுக்கும் அவற்றுக்குப் போங்கள், ஆலி-ஊப்புக்காகப் போகாதீர்கள்.

அக்டோபரில் பல பல்கலைக்கழகங்கள் சீசன் தொடக்க விழா நடத்தும். கான்சாஸின் ‘லேட் நைட் இன் தி ஃபாக்’, கென்டக்கியின் ‘பிக் புளூ மேட்னஸ்’ போன்றவை பேர்போனவை. தடுப்பவர் இல்லாத காட்சி ஆட்டம் என்பதால் டங்க் குவியும். யார் நன்றாகத் தாவுகிறார், யார் நன்றாகத் தூக்கிப் போடுகிறார் என்று பெயர் குறித்துக்கொள்ள ஏற்ற இடம்.

3. யார் போடுவார், யார் பிடிப்பார்

உங்கள் பல்கலைக்கழக அணி ஆலி-ஊப் ஆடும் அணிதானா என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம். விளையாட்டுச் செய்தித் தளங்களில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நிகழ்வு நிகழ்வாக எழுதிய பட்டியல் இருக்கும். கடைசி ஐந்து ஆட்டங்களைத் திறந்து ‘டங்க்’ என்ற சொல்லைத் தேடுங்கள். இன்னார் டங்க் செய்தார், இன்னார் உதவினார் என்று இரு பெயர் இருக்கும் வரிகளை மட்டும் எண்ணுங்கள். உதவி இல்லாத டங்க் தனியாக ஓடிப் போட்டதாகவோ தவறிய ஷாட்டைப் பிடித்துப் போட்டதாகவோ இருக்கும். ஒரே ஜோடி திரும்பத் திரும்ப வந்தால் அந்த ஜோடிதான் நீங்கள் பார்க்க வேண்டியது. இரண்டு ஜெர்சி எண்களையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அரங்கத்தில் முகம் தெரியாது, எண்தான் தெரியும்.

அந்த ஜோடியில் ஒருவர் காயத்தில் இருக்கிறாரா என்று ஆட்ட நாள் காலையிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாஸ் போடுகிறவர் இல்லாத நாளில் தாவுகிறவர் வெறுமனே ஓடிக்கொண்டிருப்பார்.

4. டிக்கெட்டும் ஆவணங்களும்

மாணவர் டிக்கெட்டுக்குத் தேவையானவை இவை. பல்கலைக்கழக இணையக் கணக்கு. மாணவர் அடையாள அட்டை. பிளாஸ்டிக்காக இருந்தாலும் ஃபோனில் இருந்தாலும் சரி, செயல்பாட்டில் இருக்க வேண்டும். அந்தப் பருவத்துக்கான முழுநேரப் பதிவும் கட்டணமும் முடிந்திருக்க வேண்டும். விளையாட்டுத் துறையின் டிக்கெட் தளத்தில் தனியாக ஒரு கணக்கு வேண்டும். படிப்புக்கான கணக்கு தானாகவே இங்கே செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆகஸ்டில் வந்து இறங்கியதும் இதைச் செய்துவிட்டால் நவம்பரில் தவிக்க வேண்டாம்.

புதிதாக வந்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள்:

டிக்கெட் தளங்கள் உறுதிப்படுத்தும் எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பும். இந்திய எண்ணுக்கு அது பல நேரம் வந்து சேராது. அமெரிக்க எண் வாங்கிய பிறகு கணக்குத் தொடங்குங்கள். அதேபோல இந்திய வங்கி கிரெடிட் கார்டு, முகவரியின் ஜிப் கோடு பொருந்தாமல் நிராகரிக்கப்படலாம். இங்கே திறந்த வங்கிக் கணக்கின் டெபிட் கார்டு போதும்.

பல இடங்களில் மாணவர் டிக்கெட் குலுக்கல் முறையில்தான் கிடைக்கும். ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு விண்ணப்பம் திறக்கும். ஒன்றிரண்டு நாளில் மூடும். விழுந்தால் மின்னஞ்சல் வரும். குறித்த நேரத்துக்குள் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அந்த மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டிக்குள் விழுவது சகஜம். அனுப்புநர் முகவரியை முன்பே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டை ஏற்றுக்கொண்டு போகாமல் இருந்தால் அடுத்த ஆட்டங்களில் உங்கள் வரிசை பின்னுக்குத் தள்ளப்படும் பல்கலைக்கழகங்களும் உண்டு. போக முடியாது என்றால் காலக்கெடுவுக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாணவர் டிக்கெட்டை வெளியாருக்கு விற்காதீர்கள். நுழைவில் அடையாள அட்டையோடு ஒப்பிடுவார்கள். பிடிபட்டால் டிக்கெட் உரிமை பறிபோவதோடு நிற்காது, ஒழுங்கு நடவடிக்கைவரை போகலாம். நூறு டாலருக்காக அந்தத் தலைவலி வேண்டாம்.

கணவரோ மனைவியோ உடன் வந்திருந்தால் துணை டிக்கெட் உண்டா என்று டிக்கெட் அலுவலகத்தில் கேளுங்கள். இணையதளத்தில் கண்ணில் படாத இந்த வசதி கேட்டால் தெரியவரும். இல்லாவிட்டால் இருவருமே பொது டிக்கெட்டில் சேர்ந்து உட்காருவது நல்லது; மாணவர் பகுதியில் ஒருவரும் மேலடுக்கில் ஒருவருமாக இரண்டு மணி நேரம் கழிப்பது சுகமாக இருக்காது.

முதுநிலை, முனைவர் மாணவர்களுக்கு இளநிலை மாணவர்களின் விதி பொருந்தும் என்று எண்ண வேண்டாம். டியூக்கில் இளநிலை மாணவர்கள் கேமரூன் அரங்கத்துக்கு வெளியே வாரக்கணக்கில் கூடாரம் போட்டுக் காத்திருப்பது உலகுக்கே தெரியும். அங்கே முதுநிலை மாணவர்களுக்கு வேறு வழி: இலையுதிர் காலத்தில் ஒரு வார இறுதி முழுக்க முகாமிட வேண்டும்; திடீர் திடீரென்று வருகைப் பதிவு நடக்கும்; அதில் தேறியவர்களுக்குள் குலுக்கல் நடத்தி சீசன் டிக்கெட் வாங்கும் உரிமை தருவார்கள். செப்டம்பர் வாக்கில் இதைத் தவறவிட்டு ஜனவரியில் விழித்துக்கொண்டால் பயனில்லை. உங்கள் பல்கலைக்கழகத்தின் முதுநிலை மாணவர் அமைப்பிடம் முதல் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

5. செலவு

மாணவர் டிக்கெட் பல இடங்களில் இலவசம். இல்லையென்றால் பெரும்பாலும் 5 முதல் 25 டாலர். பொது டிக்கெட், நவம்பர், டிசம்பர் வாரநாள் ஆட்டத்துக்குப் பெரும்பாலும் 10 முதல் 30 டாலருக்குள் முடியும். கூட்டமைப்பு ஆட்டம் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. பகை ஆட்டம் நூறுகளில் போகும்.

மறுவிற்பனைத் தளங்களில் முன்பெல்லாம் 20 டாலர் என்று காட்டிக் கடைசிப் பக்கத்தில் கட்டணம் சேர்ப்பார்கள். 2025 மே முதல் கட்டாயக் கட்டணங்கள் சேர்ந்த முழு விலையைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று கூட்டாட்சி விதி வந்துவிட்டது. ஆகவே தளங்களுக்கிடையே விலையை நேராக ஒப்பிடலாம். வலுவற்ற எதிரணி என்றால் ஆட்டத்தன்று மதியத்துக்கு மேல் விலை சரியும், காத்திருங்கள். எப்படியும் நிரம்பிவிடும் ஆட்டத்துக்குக் காத்திருக்காதீர்கள்.

வாட்ஸ்அப் குழுவிலோ முகநூலிலோ டிக்கெட்டின் ஸ்க்ரீன்ஷாட்டை விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள். பல அரங்கங்களில் பார்கோடு நொடிக்கு நொடி மாறும்; நிலையான படம் வேலை செய்யாது. அதே தளத்தின் வழியாக உங்கள் மின்னஞ்சலுக்கு மாற்றித் தருகிறவரிடம் மட்டும் வாங்குங்கள். மாறி வந்ததைப் பார்த்த பிறகு பணம் அனுப்புங்கள்.

கார் நிறுத்த 10 முதல் 40 டாலர். வளாகப் பேருந்து இருந்தால் அதுவே போதும். உள்ளே தண்ணீருக்கும் பாப்கார்னுக்கும் வெளிவிலையைவிட நல்ல கூடுதல். சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

6. இருக்கை: எந்தப் பக்கம், எத்தனையாவது வரிசை

பலரும் யோசிக்காமல் விடும் இடம் இது. என்னைக் கேட்டால் டிக்கெட் விலையைவிட இதுதான் முக்கியம்.

கல்லூரி விதிப்படி, பயிற்சி எறிதலின்போதும் முதல் பாதியிலும் ஓர் அணி தன் பெஞ்சுக்குத் தொலைவில் இருக்கும் ரிங்கை நோக்கி ஆடும். இரண்டாம் பாதியில் பக்கம் மாறும். அதாவது தன் பெஞ்சுக்கு அருகிலிருக்கும் ரிங்கைத் தாக்கும். ஆகவே சொந்த அணியின் பெஞ்ச் எந்த முனையில் என்று அரங்க வரைபடத்தில் பார்த்து, அந்த முனை ரிங்குக்குப் பின்னால் இருக்கை எடுங்கள். இரண்டாம் பாதியில் எதிரணி களைத்திருக்கும், முன்னிலை விரிந்திருக்கும், பயிற்சியாளரும் தன் கண்ணெதிரே நடக்கும் தாக்குதலுக்குக் கைச்சைகையாலேயே திட்டம் சொல்ல முடியும். லாப் விழ ஏற்ற பாதி அதுதான்.

ரிங்குக்கு நேர் பின்னால் முன்வரிசை வேண்டாம். போர்டும் அதைத் தாங்கும் இரும்புக் கையும் ரிங்கை மறைத்துவிடும். பிடிக்கும் கை தெரியும், பந்து உள்ளே போவது தெரியாது. எட்டாவது வரிசைக்கு மேல், இருபதுக்குள், நேர் நடுவிலிருந்து சற்று ஓரமாக அமையுங்கள். அங்கிருந்து பார்த்தால் ரிங் கிட்டத்தட்ட உங்கள் கண்மட்டத்துக்கு வந்துவிடும். ரிங்கின் உயரம் 10 அடி. அதற்கு ஒரு முழம் மேலே ஒரு கை பந்தைப் பிடிப்பதைத் தரைமட்டத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பதும் நேருக்கு நேர் பார்ப்பதும் ஒன்றல்ல. அங்கே கிடைக்காவிட்டால் மூலைப் பகுதிக் கீழடுக்கு நல்லது. டிவியில் தெரிகிற நடுக்கோட்டு இருக்கைகள் ஆட்டத்தின் திட்டம் புரிய உதவும். தாவலின் உயரம் அங்கிருந்து தட்டையாகத்தான் தெரியும்.

7. ஆட்ட நாள்

பை விஷயத்தில் கண்டிப்பு உண்டு. பெரும்பாலான அரங்கங்களில் 12 அங்குலத்துக்கு 6 அங்குலத்துக்கு 12 அங்குலம் அளவுக்கு மேற்படாத, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பை மட்டும். அல்லது உள்ளங்கை அளவு பர்ஸ். ஆய்வகத்திலிருந்து லேப்டாப் பையோடு நேராக வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். பல அரங்கங்களில் பை வைக்க இடம் கிடையாது. ரொக்கம் வாங்காத அரங்கங்கள் அதிகம். கார்டு கொண்டு போங்கள். டிக்கெட்டை வீட்டிலேயே ஃபோன் வாலட்டில் ஏற்றி, பேட்டரி நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். பத்தாயிரம் பேர் கூடிய வாசலில் இணையம் தடுமாறும்.

கதவு பொதுவாக ஆட்டத்துக்கு ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் முன் திறக்கும். கடைசி அரை மணி நேரப் பயிற்சியை விடாதீர்கள். 2015-16 சீசன் முதல் பயிற்சியின்போது டங்க் செய்யலாம் என்று விதி மாறியது. அதற்கு முன் அது தவறு. இப்போது அந்த நேரத்தில் தடுப்பே இல்லாத லாப்களைப் பக்கத்தில் பார்க்கலாம். நீங்கள் குறித்து வைத்த ஜோடியைத் தேடுங்கள். தாவுகிறவர் ஒற்றைக் காலில் எழும்புகிறாரா, இரண்டு காலிலா. வலக்கையா, இரு கையா என்று கவனியுங்கள். இரண்டு காலில் எழும்புகிறவர் ரிங்குக்குக் கீழே நின்ற இடத்திலிருந்தே பிடிப்பார். ஒற்றைக் காலில் எழும்புகிறவருக்கு ஓடிவர இடம் வேண்டும், அவர் வெளியிலிருந்து வருவார். ஆட்டத்தில் அவரை எங்கே தேடுவது என்பதை இதுவே சொல்லிவிடும்.

8. கண்ணை எங்கே வைப்பது

நின்றுபோன ஆட்டம் மீண்டும் தொடங்கும் முதல் பத்து நொடிதான் தங்க நேரம். ஆண்கள் ஆட்டத்தில் ஒவ்வொரு பாதியிலும் கடிகாரம் 16, 12, 8, 4 நிமிடத்துக்குக் கீழே இறங்கியபின் வரும் முதல் நிறுத்தத்தில் ஒளிபரப்பு இடைவேளை உண்டு. பயிற்சியாளர் பலகையில் வரைந்து காட்டிய திட்டம் அதற்கடுத்த தாக்குதலில் வரும். இரண்டாம் பாதியின் முதல் தாக்குதலும் அப்படித்தான். பாதி இடைவேளை 15 நிமிடம். கழிப்பறை வரிசை அதைத் தின்றுவிடும். முதல் பாதியின் கடைசி இடைவேளையிலேயே போய் வந்துவிடுங்கள்.

லாப் பெரும்பாலும் நான்கு சூழலில் வரும்.

வேக ஓட்டம்: பந்து பறிபோனதும் பந்துக்காரரை விட்டுவிட்டு மறுபக்க ஓரமாக ஓடுகிறவரைப் பாருங்கள். நடுவில் ஒற்றைத் தடுப்பாளர் பந்துக்காரரை நோக்கி ஓரடி எடுத்து வைத்தால் லாப் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்க்ரீன் போட்டு உருளுதல்: நெட்டையானவர் பந்துக்காரருக்காக மறித்து நின்று, பிறகு ரிங்கை நோக்கித் திரும்பி ஓடுவார். அவரைத் தடுக்கிறவர் பந்துக்காரரைப் பிடிக்க வெளியே வந்துவிட்டாரா பாருங்கள். வந்திருந்தால் ரிங்குக்குக் கீழே யாரும் இல்லை.

பின் ஸ்க்ரீன்: பந்து ஒரு ஓரத்தில் இருக்கும். மறு ஓரத்தில் தடுப்பாளர் பந்தையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் வந்து சுவராக நிற்பார். தாவுகிறவர் அந்தச் சுவரைச் சுற்றி ஓடுவார். எதிரணி பகுதித் தடுப்பு (ஆளுக்கு ஆள் பின்தொடராமல் ஆளுக்கோர் இடத்தைக் காப்பது) ஆடினாலும் இதே கதை. அடிக்கோட்டு (ரிங்குக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடு) ஓரத் தடுப்பாளரை மறித்து, அவர் தலைக்கு மேலே பந்து போகும். தடுப்பாளரின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் உங்களுக்கான அடையாளம்.

அடிக்கோட்டிலிருந்து பந்து எறிதல்: ரிங்குக்குப் பக்கவாட்டில் கோட்டுக்கு வெளியே ஒருவர் பந்துடன் நிற்பார். கூட்டமாக நிற்கும் நால்வரில் இருவர் வெளியே ஓட, ஒருவர் மட்டும் ரிங்கை நோக்கித் திரும்புவார். நீங்கள் ரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் இதைப்போல நெருக்கமாக வேறெதையும் பார்க்க முடியாது.

தவறுவதும் பார்க்க வேண்டியதே. நல்ல லாப் ரிங்குக்கு ஓரடி மேலே, ஒன்றிரண்டு அடி தள்ளி வந்து, அங்கே வேகம் தணிந்து நிற்க வேண்டும். தட்டையாகப் போட்டால் தடுப்பாளர் விரல் படும். ரிங்குக்கு மிக அருகில் போட்டால் போர்டில் பட்டுத் தெறிக்கும். தாவுகிறவர் கால் நொடி முந்தினால் பந்து வரும்போது அவர் இறங்கிக்கொண்டிருப்பார். பிடித்தாலும் டங்க் முடியாது, மெல்ல உள்ளே தள்ளிவிடுவார். பந்து ரிங்கின் நேர்மேலே இருக்கும் கற்பனை உருளைக்குள் போன பிறகு தொட்டால் புள்ளி செல்லாது. வெளியே பிடித்து, கையோடு உள்ளே கொண்டு போனால் செல்லும். அரங்கம் கொண்டாடிக்கொண்டிருக்க நடுவர் கையசைத்து மறுப்பது பெரும்பாலும் இதற்காகத்தான். தேவையில்லாமல் ரிங்கில் தொங்கினாலும் தவறு கூப்பிடுவார்கள். கீழே ஆள் நிற்கும்போது விழாமலிருக்கத் தொங்கினால் தண்டனை இல்லை.

பெண்கள் ஆட்டத்தில் இதே திட்டங்களைப் பார்க்கலாம். முடிவு பெரும்பாலும் டங்க்காக இல்லாமல், பிடித்து உள்ளே விடுவதாக இருக்கும். டிக்கெட்டும் பல இடங்களில் மலிவு. கண் பழக இதைவிட நல்ல பள்ளி இல்லை. ஆட்டம் பத்து நிமிடக் கால்பகுதி நான்காக நடக்கும் என்பதால் மேலே சொன்ன இடைவேளைக் கணக்கு அங்கே பொருந்தாது.

9. மார்ச் போட்டிக்குப் போவதானால்

மார்ச்சில் தொடங்கும் ஆண்கள் தேசியப் போட்டியைத்தான் சொல்கிறேன். முதல் சுற்று வியாழன், வெள்ளி. இரண்டாம் சுற்று சனி, ஞாயிறு. முதல் சுற்று நாளில் ஓர் அரங்கத்தில் மதியம் இரண்டு, மாலை இரண்டு என்று நான்கு ஆட்டம். ஒவ்வொரு அமர்வுக்கும் தனி டிக்கெட். அரங்கம் பக்கத்து ஊரில் இருந்தால் அவசரப்பட்டு மொத்தமாக வாங்காதீர்கள். முதல் சுற்றில் தோற்ற அணிகளின் ரசிகர்கள் அன்றிரவே இரண்டாம் சுற்று டிக்கெட்டை விற்றுவிட்டு ஊர் திரும்புவார்கள். விலை அப்போது சரியும்.

இறுதி நான்கு அணிகளின் ஆட்டம் அமெரிக்கக் கால்பந்து அரங்கத்தில், நடுவே மேடை போட்டு நடக்கும். மேலடுக்கிலிருந்து ஆட்டக்காரர் விரல் அளவு தெரிவார். அங்கே போகிற பணத்தில் உங்கள் வளாக அரங்கத்தில் ஒரு சீசன் முழுக்க நல்ல இருக்கையில் பார்க்கலாம்.

10. ஆட்டம் முடிந்தபின்

ஒளிபரப்பு ஆட்டம் சுமார் இரண்டு மணி நேரம் ஓடும். கூடுதல் நேரம் போனால் இன்னும் கால் மணி சேரும். இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும் ஆட்டங்களும் உண்டு, முடிய பதினொன்றைத் தாண்டும். கடைசி வளாகப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைப் போகும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டம் விட்டதும் டாக்ஸி செயலிகளில் விலை ஏறியிருக்கும். பத்து நிமிடம் நடந்து அரங்கத்தை விட்டு விலகி அழைத்தால் குறையும். ஜனவரி என்றால் உள்ளே வியர்த்த சட்டையோடு வெளியே வர வேண்டாம். கோட்டு, தொப்பி, கையுறை எல்லாவற்றையும் மடியில் வைத்திருந்தாவது கொண்டு போங்கள்.

வீடு வந்ததும் நிகழ்வுப் பட்டியலை ஒருமுறை திறந்து, நீங்கள் பார்த்த லாப் எத்தனையாவது நிமிடம், யார் உதவி என்று பாருங்கள். அதற்கு முந்தைய வரியையும் படியுங்கள்: பந்து பறிபோனதா, இடைவேளை முடிந்ததா, அடிக்கோட்டு எறிதலா. உங்கள் அணி எந்தச் சூழலில் லாப் போடுகிறது என்று இரண்டு மூன்று ஆட்டங்களில் பிடிபட்டுவிடும். அடுத்த டிக்கெட் எடுக்கும்போது எதிரணி அந்தச் சூழலைக் கொடுக்கும் அணியா என்று பார்த்துத் தேதியைத் தேர்ந்தெடுங்கள்.